மீன் சாமியாரும் வாடகை பக்தரும்

பாகூரில் என் வீட்டு ஹாலுக்கு வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் குழம்புவார்கள். சுவரில் வரிசையாக, அப்பா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த ஆறு படம். ஐந்து, அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் படங்கள். சாமியைக் காட்டி ஊரை ஏய்க்கிறவர்களைக் கிண்டல் பண்ணுகிற படங்கள். ஆறாவது என் அப்பாவின் போட்டோ. நெற்றி நிறைய விபூதி, கூப்பிய கை, தலைக்கு மேலே முருகன். "உங்கப்பா ரொம்ப பக்தியானவரோ?" என்று கேட்பார்கள். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான்.

நான் பிறந்து வளர்ந்தது ஒதியம்பட்டில். எல்லார் வீட்டிலும் வாசற்படி ஏறியதும் முருகன் இருப்பார், லட்சுமி இருப்பாள், இல்லாவிட்டால் மாதா இருப்பார். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு குண்டுச் சாமியார் மடியில் மீனை ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்பா எலக்ட்ரீசியன். டவுனில் கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு வயரிங் வேலைக்குப் போவார். அப்படி ஒரு வீட்டில், வீட்டுக்கார அம்மா எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிட்டு மகனோடு பிரான்சுக்குக் கிளம்பும்போது, "வேணும்னா எடுத்துட்டுப் போப்பா" என்று இந்தப் படங்களைக் கொடுத்திருக்கிறார். செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்த படங்கள் என்று அந்த அம்மாதான் சொன்னாராம். அந்த நாட்டில் ஒரு காலத்தில் வேஷக்காரச் சாமியார்களைக் கேலி செய்து இப்படி அச்சடிப்பார்களாம், வீட்டில் மாட்டி வைத்துச் சிரிப்பார்களாம். அதைக் கேட்டதும் அப்பாவுக்குக் குஷி தாங்கவில்லை. அவர் சாமி கும்பிடாத மனுஷன். இளவட்டத்தில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குக் கூட்டம் போனவர். கண்ணாடி சாமானை ஏற்ற மாட்டேன் என்ற பஸ் கண்டக்டரிடம் மல்லுக்கு நின்று, எல்லாவற்றையும் மடியில் வைத்தே கொண்டுவந்து சேர்த்தார். "பாத்தியாடி, நம்மள மாதிரி ஆளுங்க கடலுக்கு அந்தாண்டயும் இருந்துக்கிறாங்க" என்று அம்மாவிடம் காட்டிய அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

படத்துக்கு அடியில் பிரெஞ்சில் ஏதோ எழுதியிருக்கும். எங்களுக்கு ஒரு எழுத்து புரியாது. அப்பா அதற்கெல்லாம் அசருகிற ஆளா? வெள்ளைக் காகிதத்தை நறுக்கி, தன் கோணல் கையெழுத்தில் தானே பேர் எழுதி ஒவ்வொரு சட்டத்திலும் ஒட்டிவிட்டார். முதல் படம் 'மீன் சாமியாரு'. விரத நாள், மேசையில் வெறும் ரொட்டி, சாமியார் கண்ணை மூடி ஜெபிக்கிறார், மேசைத் துணிக்குக் கீழே மடியில் முழு மீன். அடுத்தது 'கண்ணாடி அம்மா'. அந்த அம்மா கோயிலில் ஜெபப் புத்தகத்தைப் பிரித்து வைத்திருப்பாள், உள்ளே இருப்பது முகம் பார்க்கிற கண்ணாடி. 'நரி வாத்தியாரு' அங்கி போட்டுக்கொண்டு வாத்துக் கூட்டத்துக்குப் பிரசங்கம் பண்ணுவார். 'உண்டியல் அண்ணன்' ஒரு கையில் உண்டியலை நீட்டுவார், இன்னொரு கை கும்பிடுகிறவன் பைக்குள் இருக்கும். கடைசியில் 'கால் கழுவற பண்ணையாரு'. ஊரே பார்க்க ஒரு ஏழையின் காலை அவர் கழுவிக்கொண்டிருக்க, பின்னால் அவருடைய ஆள் அந்த ஏழையின் மூட்டையிலிருந்து ரொட்டியை உருவிக்கொண்டிருப்பான்.

எல்லாமே கோடுதான். நிழல் கோடு, துணி மடிப்பு கோடு, மீன் செதில்கூடக் கோடு. சுரம் வந்து பள்ளிக்கூடம் போகாத நாட்களில் பாயில் படுத்தபடியே ஏதாவது ஒரு கோட்டைப் பிடித்து அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நரியின் வாலிலிருந்து கிளம்பினால் வாத்தின் கழுத்துக்கே வந்துவிடலாம். இப்போது நினைத்தாலும் அந்தப் பாய் வாசனையும் மிளகு ரசமும் சேர்ந்தே வரும்.

வருகிறவர்களை அந்தச் சுவருக்கு முன்னால் நிற்க வைத்து வேடிக்கை பார்ப்பது அப்பாவின் பொழுதுபோக்கு. யார் வந்தாலும் ஏதாவது ஒரு படத்தில் ஒரு ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "அட, இது எங்க மூத்தாரு மாதிரியே இருக்குதே" என்று புருஷனின் அண்ணனைச் சொல்வாள் பக்கத்து வீட்டு அக்கா. "எங்க சூப்பர்வைசரு, அவனேதான், வாலு மட்டும்தான் கொறச்சலு" என்பார் மில்லுக்குப் போகிற மாமா. அப்பா தொடையைத் தட்டிச் சிரிப்பார். அவர்கள் போனதும் எங்களிடம், "எல்லாருக்கும் அடுத்தவன்தான் தெரியறான், பாரு. இது நானேன்னு ஒருத்தன் சொல்லட்டும், அவனுக்குக் கறி விருந்து வெக்கறேன்" என்பார். அந்த விருந்து ரொம்ப வருஷம் யாருக்கும் கிடைக்கவில்லை.

அம்மா கதை வேறு. அம்மா சாமி கும்பிடுகிறவள். கல்யாணம் ஆன புதிதிலேயே இரண்டு பேரும் பேசிப் பிரித்துக்கொண்டார்களாம், ஹால் அப்பாவுக்கு, சமையற்கட்டு அம்மாவுக்கு. அரிசி டப்பாவுக்கு மேலே ஒரு பலகை. அதில் சின்னதாக ஒரு அம்மன் படம், ஒரு காமாட்சி விளக்கு, ஒரு விபூதி மடல். பின்னால் சுவரெல்லாம் புகை ஏறிக் கறுத்திருக்கும். அப்பா அந்தப் பலகை பக்கம் வாயைத் திறக்க மாட்டார், அம்மா ஹால் படங்களைத் துடைத்து வைப்பாள். வெளியாள் முன்னால் அவரை 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். வீட்டுக்குள் நாங்கள் மட்டும் இருந்தால் 'யா'தான். "இன்னாய்யா, உன் சாமியாரு மேல ஒட்டடை கட்டிக்கினுகீது, தொடைக்கட்டா?" என்று அவள் கேட்பதும், "அவரு குளிக்காத ஆளு, வுடு" என்று இவர் சொல்வதும் வாரத்துக்கு ஒருமுறை நடக்கும்.

அந்தச் சுவருக்குக் கேடு என்னால்தான் வந்தது. நான் வில்லியனூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே பக்கத்து மருந்துக் கடையில் வேலை பார்த்தவரை எனக்குப் பிடித்துப்போனது. அவருக்கும்தான். பாகூர் பக்கம் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். அவருடைய அப்பா ஊர்க் கோயிலுக்குத் தர்மகர்த்தா. வருஷம் தவறாமல் மாலை போடுகிறவர். மகன் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்விதானாம். "பக்தியான குடும்பமா?" இந்த மனுஷனும் பயத்தில், "ரொம்ப" என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று சேதி வந்தது. நான் அப்பாவிடம் உள்ளதைச் சொன்னேன். அப்பா சுவரைப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மீன் சாமியாரை ஆணியிலிருந்து கழற்றினார்.

"இன்னாப்பா பண்ற?"

"ஒரு நாளுதானே."

எனக்கு வந்ததே கோபம்! "எனக்காக நீ ஒண்ணும் வேஷம் கட்ட வேணாம். புடிச்சா கட்டிக்கட்டும், இல்லன்னா போவட்டும்" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, அந்தக் கல்யாணம் நடக்காவிட்டால் நான் என்ன ஆவேன் என்று அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் நரி வாத்தியாரைக் கழற்றிக்கொண்டே, "கூத்துல ராஜா வேஷம் கட்றவன் ராஜாவா ஆயிடறானா? வுடும்மா" என்றார்.

ஐந்து படங்களும் பெட்ஷீட்டில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் போயின. சுவரில் சாமி வேண்டுமே? அப்பா சமையற்கட்டுக்குப் போய் அம்மாவிடம் அந்த அம்மன் படத்தைக் கேட்டார். அவர் ஜென்மத்தில் அந்தப் பலகைக்கு முன்னால் அவ்வளவு பணிவாக நின்றது அன்றைக்குத்தான்.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழம்பைக் கிளறியபடியே சொன்னாள். "என் சாமிய நாடகத்துக்கு அனுப்ப மாட்டேன்யா. விபூதி வேணும்னா எடுத்துக்க, அது யாரு கேட்டாலும் தரலாம்."

அப்பா தெருவில் இறங்கினார். எந்தச் சாமியையும் யாரிடமும் கேட்டே அறியாத மனுஷன், கடை கடையாகப் போய்ச் சாமி கடன் கேட்டார். டெய்லர் கடையிலிருந்து ஒரு முருகன், அரிசிக் கடையிலிருந்து ஒரு லட்சுமி, சைக்கிள் கடையிலிருந்து ஒரு பிள்ளையார். எதிர்வீட்டு டீச்சரம்மா கிறிஸ்தவர். அவர் ஆசையாக ஓடி வந்து, "எங்க மாதாவையும் எடுத்துட்டுப் போங்கண்ணே, பொண்ணுக்கு நல்லது நடக்கும்" என்றார். அப்பா நெளிந்துகொண்டே கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். தெருவே எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகம் சிறுத்துப்போயிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து இறங்கினார்கள். தட்டில் பூ, பழம், வெற்றிலை பாக்கு. அப்பா வேட்டி கட்டி, விபூதி பூசி வாசலில் நின்றார். பூசத் தெரியாமல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி நெற்றி முழுக்க அப்பியிருந்தார். மாப்பிள்ளையின் தங்கை கையில் அப்போது புதுசாக வந்திருந்த டிஜிட்டல் கேமரா. எல்லாரையும் எடுத்துக்கொண்டே வந்தவள், "அங்கிள், சாமி படத்துக்குக் கீழ நின்னு கும்பிடுங்க, சூப்பரா இருக்கும்" என்றாள். அப்பா கும்பிட்டார். அவளும் எடுத்துக்கொண்டாள்.

தர்மகர்த்தா நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. எங்கள் சுவர் நீலம் கலந்த சுண்ணாம்பு, வெயிலில் வெளுத்துப்போனது. பழைய படங்கள் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று சதுரம் சதுரமாக நீலமாகத் தெரிந்தது. வந்திருந்த சாமிகள் எல்லாம் சின்ன சைஸ். ஒவ்வொரு சாமியும் அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி பெரிய சதுரத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தார். ஓரத்தில் இரண்டு சதுரம் சும்மாவே கிடந்தது.

"இது பழனி ஆண்டி ஆச்சே" என்றார் மெதுவாக. "ஆண்டிக் கோலத்துல இருக்கிற முருகன வூட்டுல மாட்ட மாட்டாங்களே. குடும்பம் ஆண்டியாப் போயிடும்னு சொல்வாங்க. நடு வூட்டுல வெச்சிருக்கீங்க?"

சாமி கும்பிடுகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். டெய்லர் அந்தப் படத்தைக் கடையில்தான் வைத்திருந்தார், வீட்டில் இல்லை. அப்பாவுக்கு எங்கே தெரியும்? கும்பிட்டிருந்தால்தானே.

"எங்க வழக்கத்துல வெப்போங்க" என்றார் அப்பா. குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"வெளக்கு எங்க ஏத்துவீங்க? சுவத்துல ஒரு பொட்டுப் புகை இல்லியே."

நான் உள்ளே அறை வாசலில் புடவை முந்தியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். அப்போது அம்மா சமையற்கட்டிலிருந்து வெளியே வந்தாள்.

"என் வெளக்கு உள்ள இருக்குதுங்க. வந்து பாருங்க. இந்தச் சாமிங்க எல்லாம் நேத்து சாயந்தரம் வந்தது. பொண்ணு ஆசைப்பட்டுட்டாளேன்னு இவரு தெருவெல்லாம் கேட்டு வாங்கியாந்தாரு. இவரு சாமி கும்பிடாதவரு. ஆனா ஒருத்தரையும் ஏமாத்தாதவரு. இன்னிக்கிதான் மொத தடவை."

தர்மகர்த்தா எழுந்தார். கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் நேரே சுவருக்குப் போய் அந்த நீலச் சதுரத்தைத் தொட்டுப் பார்த்து, "அப்ப இங்க இன்னா இருந்துச்சு?" என்றார்.

அப்பா குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து மூட்டையை இழுத்தார். ஒவ்வொரு படமாகத் தரையில் வைத்தார். தர்மகர்த்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மீனைப் பார்த்தார். கண்ணாடி அம்மாவைப் பார்த்தார். உண்டியல் அண்ணனிடம் வந்ததும் தோள் குலுங்க ஆரம்பித்தது. "ஏய், இங்க வாயேன்" என்று தன் சம்சாரத்தைக் கூப்பிட்டார். "நம்ம கமிட்டில இருக்கானே, அவன்தானே இவன்? அதே மூஞ்சி!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பார்த்தீர்களா, அவருக்கும் அடுத்தவர்தான் தெரிந்தார்.

சிரித்து முடித்து என்னைக் கூப்பிட்டார். "நீ எந்தக் கட்சிம்மா? சமையக்கட்டா, இந்தச் சுவரா?"

"கும்பிடறது அம்மா கூட, சிரிக்கிறது அப்பா கூட" என்றேன். எனக்கு அப்போது பயமெல்லாம் போய் அழுகைதான் முட்டிக்கொண்டிருந்தது. அவர் தட்டை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். அப்படியாகத்தான் நான் அந்த வீட்டு மருமகள் ஆனேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் நான் தாலி கட்டிக்கொண்டு பாகூருக்குப் போன பிறகும் அப்பா அந்தப் படங்களைத் திரும்ப மாட்டவில்லை. சாமிகள் அவரவர் கடைக்குப் போய்விட்டார்கள். சுவரில் ஆணியும் நீலச் சதுரமும் மட்டும். ஒவ்வொரு தடவை அம்மா வீட்டுக்குப் போகும்போதும் கேட்பேன். "மாட்டலாம், மாட்டலாம்" என்பார். யாராவது வந்தால் உட்கார வைத்து, கரண்டு பில், மழை என்று பேசி அனுப்பிவிடுவார். தொடையைத் தட்டுகிற சத்தம் அந்த வீட்டில் இல்லாமலே போனது. அது எனக்குத் தாங்கவில்லை.

ஒரு பொங்கலுக்குச் சண்டையே போட்டேன். "எங்க மாமனாரே சிரிச்சிட்டாரு. இன்னும் உனக்கு இன்னா ஒட்டாரம்?"

"அவரு சிரிச்சாரும்மா" என்றார். "எங்க வழக்கத்துல வெப்போம்னு சொன்னேனே, அத நீ கேட்டியா? யாரு வாயில வந்துது அது? இனிமே அந்த மீன் சாமியாரு மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நான் திரும்பிப் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். ஊருக்கெல்லாம் சிரிக்கக் கற்றுக்கொடுத்த மனுஷனிடமிருந்து அந்தச் சிரிப்பை என் கல்யாணம் எடுத்துக்கொண்டு போய்விட்டதே என்று எனக்கு ஆறவே இல்லை.

நாத்தனார் அன்று எடுத்த போட்டோக்களைப் பிரிண்டு போட்டு ஆல்பம் பண்ணிக் கொண்டுவந்தாள். அதில் அப்பா நின்றார். நெற்றி முழுக்க விபூதி, கூப்பிய கை, மேலே பழனி ஆண்டி, சுற்றிலும் நீலச் சதுரம், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு. எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. பார்த்தால் அவரும் சிரிப்பார் என்று அதைப் பெரிசாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "இது என்கிட்ட இருக்கட்டும்" என்று சட்டைப்பைக்குப் பக்கத்தில் அணைத்து வைத்துக்கொண்டார். ஐயோ, புண்ணில் கையை வைத்துவிட்டோமோ என்று எனக்குத் திக்கென்றது.

அடுத்த தடவை நான் வாசற்படி ஏறியபோதே தெரிந்தது. மீன் சாமியார் வந்துவிட்டார். கண்ணாடி அம்மா, நரி வாத்தியார், உண்டியல் அண்ணன், பண்ணையார், எல்லாரும் அவரவர் சதுரத்தில். பண்ணையாருக்குப் பக்கத்தில் புது ஆணி. அதே அளவு, அதே கறுப்புச் சட்டம். உள்ளே அப்பா. அடியில் வெள்ளைக் காகிதத்தில் அதே கோணல் எழுத்து: 'வாடகை பக்தரு'.

"இப்பதான் வரிசை முழுசாச்சு" என்று சொல்லி, தொடையைத் தட்டினார் பாருங்கள்! நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவரோ, "நான்தான் சொல்லிட்டேன்ல, அது நானேன்னு. கறி விருந்து எனக்குத்தான். உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு.

அதற்கப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதையை அவரேதான் சொல்வார், முதல் படத்திலிருந்து ஆரம்பித்துத் தன்னிடம் வந்து முடிப்பார். என் மாமனார் வாரம் தவறினாலும் மாதம் தவறாமல் வந்து கேட்டுவிட்டுப் போவார். அம்மா ஒன்று செய்தாள். வெள்ளிக்கிழமை பலகைக்குப் பொட்டு வைத்துவிட்டு, மிச்சக் குங்குமத்தோடு ஹாலுக்கு வந்து அந்த ஆறாவது படத்தில் ஒரு பொட்டு வைப்பாள். அப்பா துள்ளுவார். "என் மேல வெக்காதடி!" அம்மா விரலைக் காட்டுவாள். "உனக்கு யாருய்யா வெச்சா? மேல முருகன் இருக்காரு, அவருக்கு வெச்சேன். வாடகைக்கு வந்தாலும் சாமி சாமிதான்." அப்பாவால் அதற்கு ஒன்றும் பேச முடியாது.

அப்பா போனது மாரடைப்பில், ஒரு காலை நேரம். தலைமாட்டில் வைக்கப் படம் தேடினார்கள். பெரிசாக, சட்டம் போட்டதாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆணியிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்து மாலை போட்டார்கள். தெரியாதவர்கள், "எவ்ளோ பக்தியான மனுசன், பாவம்" என்று சொல்லிக்கொண்டே கும்பிட்டார்கள். மாலை கீழே வரைக்கும் தொங்கி அவர் எழுதிய பேரை மறைத்தது. நான் போய் அதைச் சுருக்கி மேலே ஏற்றிக் கட்டினேன். என் மாமனார் அந்த எழுத்தைப் படித்தார். சாவு வீடென்றும் பார்க்காமல் ஒரு சிரிப்பு வெடித்தது அவரிடமிருந்து. அது முடியும்போது தேம்பலாக இருந்தது.

அம்மா எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள். குங்குமத்தோடு வந்தாள். படத்துக்கு முன்னால் குனிந்தாள். நான் வழக்கமாக அவள் விரல் போகிற இடத்தைப் பார்த்தேன், மேலே, முருகனிடம். விரல் அங்கே போகவில்லை. கீழே இறக்கி, அப்பா பூசத் தெரியாமல் அப்பிக்கொண்ட விபூதிக்கு நடுவில், அவர் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

ஊர் சனம் அவ்வளவு பேர் நின்றோம். அம்மா அத்தனை பேர் முன்னாலும், "இப்ப வேணான்னு சொல்லுய்யா பாக்கலாம்" என்றாள். பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.